உலகம் அழிந்த பிறகு தொடங்கும் கேம்கள்: ஜப்பானிய ஆர்பிஜி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மழைக்காலத்தில் ஃபைனல் ஃபேன்டஸி 6-ஐப் போனில் இறக்கி மறுபடி ஆட ஆரம்பித்தேன். அங்கே தொற்றிக்கொண்டது. க்ரோனோ டிரிகர், நாக்டர்ன், நியர் என்று உலகம் அழிந்துபோன கதைகளாகவே தேடித் தேடி ஆடினேன். பார்த்தவர்களிடமெல்லாம் இதையே பேசினேன் போலிருக்கிறது. தம்பி, அவன் நண்பர்கள், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் அதே சந்தேகங்கள். தனித்தனியாகப் பதில் தட்டிக் கை வலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கதையின் பெரிய முடிச்சு அவிழும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

முதல்ல இந்த ஜேஆர்பிஜின்னா என்ன?

ஆர்பிஜி என்பது ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அவரை வளர்த்து, கதையை நகர்த்தும் கேம். முன்னால் இருக்கும் 'ஜே' ஜப்பான். 1986-இல் தொடங்கிய டிராகன் குவெஸ்ட் தொடர் போட்டுக்கொடுத்த பாதை அது: சின்னக் குழு, ஊர் ஊராகப் பயணம், வழியெல்லாம் சண்டை, சண்டையில் கிடைக்கும் புள்ளிகளால் பலம் ஏறுதல். பழைய கேம்களில் சண்டை பெரும்பாலும் முறை வைத்து நடக்கும். நீங்கள் ஒரு அடி, எதிரி ஒரு அடி. கை வேகம் இல்லாதவர்களும் ஆடலாம், யோசனை இருந்தால் போதும்.

உலகம் அழிஞ்ச கதைன்னா ஃபால்அவுட் மாதிரிதானே?

இல்லை. ஃபால்அவுட் அமெரிக்க கேம். அதில் நீங்கள் வந்து சேரும்போது உலகம் அழிந்து வெகுகாலம் ஆகியிருக்கும். யாரோடு சேர்வது, யாரைச் சுடுவது என்று உங்கள் இஷ்டத்துக்குத் திரியலாம்.

ஜப்பானிய கேம்கள் பலவற்றில் அழிவு உங்கள் கண்ணெதிரே நடக்கிறது. முதலில் ஒரு முழு உலகத்தைக் கையில் கொடுப்பார்கள். ஊர்க்காரர்கள் பெயர் தெரியும், கடைக்காரர் தெரியும், பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். அப்புறம் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 6 இதற்கு நல்ல உதாரணம். 1994-இல் வந்தது. வில்லன் கெஃப்கா கிட்டத்தட்ட கேமின் நடுவிலேயே ஜெயித்துவிடுகிறான். கண்டங்கள் பிளந்து இடம் மாறுகின்றன. மீதிப் பாதி கேம் அந்தச் சிதைந்த வரைபடத்தில்தான். முன்பு பார்த்த ஊருக்கே திரும்பிப் போவோம், பாதி பேர் இருக்க மாட்டார்கள்.

ஜப்பான்காரங்களுக்கு ஏன் உலக அழிவு மேல இவ்வளவு மோகம்? ஹிரோஷிமாவா?

எல்லாரும் முதலில் சொல்லும் பதில் அதுதான். பொய் இல்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம் என்பேன். 1992-இல் அட்லஸ் நிறுவனம் வெளியிட்ட ஷின் மெகாமி டென்செய் கேமில் டோக்கியோ மீது ஏவுகணைகள் விழுகின்றன. அதற்குப் பின்னால் இருப்பவர் அமெரிக்கத் தூதர் என்று கதை. அங்கே 1945-இன் நிழலைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆனால் இன்னொரு காரணத்தை இங்கே யாரும் பேசுவதில்லை: நாஸ்ட்ரடாமஸ் என்ற பழைய பிரெஞ்சு ஜோசியர். 1999-ஆம் வருடம் ஏழாம் மாதம் வானத்திலிருந்து பேரழிவு வரும் என்ற அவருடைய ஜோசியம், 1973-இல் ஒரு புத்தகம் வழியாக ஜப்பானில் வீட்டுக்கு வீடு பரவியது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இந்த கேம்களைச் செய்தது. க்ரோனோ டிரிகரில் லாவோஸ் என்ற ராட்சத ஜந்து பூமியைப் பிளந்துகொண்டு வருவது எந்த வருடம்? 1999. எஸ்என்கே 1990-இல் வெளியிட்ட கிரிஸ்டாலிஸ் கேமில் உலகம் அழியும் நாள் 1997 அக்டோபர் 1. நம் ஊரில் 2012-இல் உலகம் அழியும் என்று டிவி பார்த்துப் பயந்த பிள்ளைகள் நினைவிருக்கிறதா? அதைப் பத்து மடங்காக்கி, இருபது வருடம் நீட்டிக்கொள்ளுங்கள்.

1995-இல் கோபே நிலநடுக்கமும் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதலும் நடந்தன. அதனால்தான் இந்த கேம்கள் இருண்டுபோயின என்று சிலர் எழுதுகிறார்கள். தேதியைப் பாருங்கள். க்ரோனோ டிரிகர் வந்தது 1995 மார்ச் 11, நச்சுவாயுத் தாக்குதல் மார்ச் 20. கேம்தான் முந்தி வந்தது.

என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்?

க்ரோனோ டிரிகர். போனிலும் கிடைக்கிறது, கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் கிடைக்கிறது. 20, 25 மணி நேரத்தில் முடித்துவிடலாம். அடுத்தது ஃபைனல் ஃபேன்டஸி 6-இன் பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பு. 2022-இல் கணினிக்கும் போனுக்கும் வந்தது. அதற்கு 35, 40 மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு யோசனை: பேருந்தில் ஆடினாலும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். யசுனோரி மிட்சுடாவும் நோபுவோ உவெமட்சுவும் போட்ட இசை இல்லாவிட்டால் இந்த கேம்களில் பாதி போய்விடும்.

முப்பது வருஷப் பழசு, படம் கட்டம் கட்டமா இருக்கு. போர் அடிக்காதா?

முதல் ஒரு மணி நேரம் அடிக்கலாம். அப்புறம் கண் பழகிவிடும். முகமே தெரியாத 16 கட்டப் பொம்மை தலையைக் குனிந்தால் அது அழுகிறது என்று நமக்குப் புரிகிறது. மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இடிந்த நகரத்தைத் தத்ரூபமாக வரைந்து காட்டும் புதிய கேம்களில் எனக்கு அந்த வேலையே இருப்பதில்லை. இது ரசனை சார்ந்தது, சண்டைக்கு வராதீர்கள்.

க்ரோனோ டிரிகர் ஜாலியான கேம்னு சொன்னாங்க. திருவிழா, தவளை வீரன்லாம் வருது. இதுல அழிவு எங்க இருக்கு?

கொஞ்சம் பொறுங்கள், 2300-ஆம் ஆண்டுக்குப் போவீர்கள். அங்கே வானம் பழுப்பு, காற்றில் புழுதி, ஆட்கள் கூண்டு மாதிரி குவிமாடங்களுக்குள் ஒடுங்கிக் கிடப்பார்கள். எனர்ட்ரான் என்று ஒரு இயந்திரம் இருக்கும். உள்ளே போய் நின்றால் உடம்பின் பலமெல்லாம் நிரம்பிவிடும். நிரம்பியதும் ஒரு வரி வரும்: ஆனாலும் உங்களுக்குப் பசிக்கிறது.

முதல் தடவை ஆடியபோது அந்த வரியைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன். இப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடாமல், சாகாமல், அந்த இயந்திரத்தில் நின்று நின்று வாழ்கிறார்கள். அடுத்த குவிமாடத்தில் உணவுக் கிடங்கு ஒன்று இருக்கிறது என்று தேடிப் போவீர்கள். குளிர்பதனம் கெட்டு எல்லாம் அழுகியிருக்கும். அங்கே செத்துக் கிடப்பவர் கையில் ஒரே ஒரு விதை. அதை எடுத்து வந்து பெரியவரிடம் கொடுப்பதுதான் அந்தப் பயணத்தின் பலன். ராட்சதப் பூச்சிகளோடு மல்லுக்கட்டியதற்குக் கூலி ஒரு விதை!

அதே இடத்தில் ஒரு கணினித் திரையில் 1999-இல் உலகம் எரிந்த பதிவு ஓடும். காலப்பயணம் தெரிந்த மூன்று பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு 'இதை மாற்றுவோம்' என்று கிளம்புகிறார்கள். ஜாலியாகத் தெரியும் மிச்சக் கதை முழுக்க அந்தத் திரையிலிருந்துதான் புறப்படுகிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 6-ல மீன் பிடிச்சுப் பிடிச்சுக் கொடுத்தேன், சிட் தாத்தா செத்துட்டாரு. தப்பு பண்ணிட்டேனா?

கதையின் முக்கியமான இடம். ஆடாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

உலகம் சிதைந்து ஒரு வருடம் கழித்து, நம் குழுவில் ஒருத்தியான செலஸ் ஒரு குட்டித் தீவில் கண்விழிக்கிறாள். பக்கத்தில் சிட் மட்டும். அவரும் மூன்று நான்கு நாளாகச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். கரையில் மீன் பிடித்து வந்து ஊட்ட வேண்டும். கேம் எந்த விளக்கமும் தராது. சூட்சுமம் இதுதான்: துள்ளி வேகமாக நீந்தும் மீன் நல்ல மீன், மெதுவாகத் தள்ளாடும் மீன் கெட்டுப்போன மீன், கொடுத்தால் உடம்பு மேலும் மோசமாகும். எது கைக்குச் சுலபமாகச் சிக்கும்? மெதுவான மீன்தானே. பத்துக்கு எட்டுப் பேர் அதைத்தான் ஊட்டுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் ஊட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் நன்றி வேறு சொல்வார்.

சிட் பிழைத்தால் தெப்பம் இருக்கும் இடத்தைக் காட்டுவார், கதை நகரும். இறந்தால் செலஸ் மலை உச்சிக்குப் போய்க் குதிக்கிறாள். உயிர் போவதில்லை. கரையில் கிடக்கும்போது ஒரு பறவையின் காலில் தோழன் லாக்கின் தலைத்துணி கட்டியிருப்பதைப் பார்த்து, எங்கோ அவன் இருக்கிறான் என்று எழுகிறாள். தப்பு எதுவும் நடக்கவில்லை. உண்மையில் நீங்கள் பார்த்ததுதான் கனமான கதை. அழித்துவிட்டு மறுபடி ஆடாதீர்கள்.

சிதைஞ்ச உலகத்துல அடுத்து எங்க போறதுன்னே தெரியல. நேரா கடைசி வில்லன்கிட்ட போலாமா?

போகலாம். பழைய தோழர்கள் எட்கர், செட்ஸர் இருவரையும் சேர்த்துப் பறக்கும் கப்பல் கிடைத்ததும் கெஃப்காவின் கோபுரத்துக்குப் பறந்துவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கேமில் ஆட வரும் 14 பேரில் மற்றவர்களைத் தேடுவதும் தேடாததும் உங்கள் விருப்பம்.

ஆனால் மாப்லிஸ் ஊருக்கு மட்டுமாவது போங்கள். கெஃப்காவின் ஒளிக்கதிர் தாக்கி அங்கே பெரியவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள். மீந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு டெர்ரா அங்கேயே தங்கியிருப்பாள். முதல் பாதியின் கதாநாயகியே அவள்தான். வந்து கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்பாள். அவ்வளவு பெரிய மந்திரசக்தி உள்ளவள் சண்டையை விட்டுவிட்டு ஊரில் பிள்ளை வளர்க்கிறாள்! அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஷின் மெகாமி டென்செய்ல நம்ம சாமியெல்லாம் எதிரியா வருதாமே? நிஜமா?

நிஜம். விஷ்ணு, சிவன், காளி, பிள்ளையார், லட்சுமி எல்லாரும் வருகிறார்கள். கூடவே ஜப்பானியத் தெய்வங்கள், கிரேக்கத் தெய்வங்கள், பைபிளின் தேவதூதர்கள். இந்தத் தொடரில் எல்லாருக்கும் 'அகுமா' என்று ஒரே பெயர். அந்தச் சொல்லின் நேர்ப் பொருள் பேய், பிசாசு. ஆனால் கேமில் தெய்வம், தேவதை, பூதம் எல்லாமே அதில் அடக்கம். அவர்களோடு பேசலாம், பேரம் பேசலாம், காசு கொடுத்துக் கூட்டணி சேர்க்கலாம், இருவரை இணைத்து மூன்றாமவரை உண்டாக்கலாம். இந்தத் தொடரின் மூன்றாவது கேமான நாக்டர்னில் சிவன் வேண்டுமென்றால் பாலித் தீவின் ரங்டாவையும் பாரோங்கையும் இணைக்க வேண்டும்.

சிலருக்கு இது உறுத்தும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மா திரையில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு 'இவரையா அடிக்கிற?' என்று கேட்டார். 'இல்லம்மா, இவர் நம்ம கட்சி' என்று சொல்லித் தப்பித்தேன்.

நம் கதைகள் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுவாரசியமானது டிஜிட்டல் டெவில் சாகா. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. ஓயாமல் மழை பெய்யும் ஜங்க்யார்டு என்ற பாழ்நிலத்தில் குழுக்கள் மோதிக்கொள்கின்றன. எல்லாரையும் வெல்லும் குழுவுக்கு நிர்வாணம் என்ற சொர்க்கம் கிடைக்கும் என்று வாக்கு. ஒருநாள் குழு ஆட்களுக்குள் ஆத்மா என்ற பூத சக்தி விழித்துக்கொள்கிறது: ஹீட்டுக்கு அக்னி, கேலுக்கு வாயு, ஆர்ஜிலாவுக்குப் பிருத்வி. அப்புறம் பசி. எதிரியைத் தின்னாவிட்டால் புத்தி பேதலிக்கும். புதுத் திறமைகள் வேண்டுமென்றால் 'மந்திரம்' வாங்க வேண்டும், இடங்களுக்கு மூலாதாரம், மணிபூரகம் என்று சக்கரங்களின் பெயர். மேலே சொன்ன எனர்ட்ரான் பசியையும் இதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நாக்டர்ன் ரொம்பக் கஷ்டமாமே? மாடடார்கிட்ட எட்டு தடவை செத்துட்டேன்.

நான் பதினொன்று. கதை டோக்கியோவில் ஒரு மருத்துவமனையில் தொடங்கும். டீச்சரைப் பார்க்கப் போன பையன் மொட்டைமாடியில் நிற்கும்போது உலகம் முடிந்துபோகும். டோக்கியோ மட்டும் உள்பக்கமாகச் சுருண்டு ஒரு உருண்டையாகிவிடும். அதற்குள் பாதி மனிதன், பாதி பூதமாகத் திரிய வேண்டும்.

இதன் சண்டை முறையைப் புரிந்துகொண்டால் கஷ்டம் பாதியாகும். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் உங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. அடி தவறினால் இருக்கும் வாய்ப்பும் இரண்டிரண்டாகப் பறிபோகும். மாடடார் என்ற அந்தப் பெரிய எதிரி முதல் வேலையாகத் தன் தவிர்க்கும் திறனை ஏற்றிக்கொள்கிறான். உங்கள் அடிகள் எல்லாம் காற்றில் போவதால்தான் தோற்கிறீர்கள். லெவல் ஏற்றி நேரத்தை வீணாக்காமல், அவன் திறனை இறக்கும் அல்லது உங்கள் குறியை ஏற்றும் வித்தை தெரிந்த பூதங்களையும், காற்றுத் தாக்குதலைத் தாங்கும் பூதங்களையும் அழைத்துப் போங்கள். 2021-இல் உலகெங்கும் வந்த எச்டி ரீமாஸ்டரில் எளிய நிலை ஒன்றும் இருக்கிறது. அதில் ஆடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எப்பப் பார்த்தாலும் சோகமாவே இருக்கே. சிரிச்சுக்கிட்டே ஆட ஏதாவது இருக்கா?

மெட்டல் மேக்ஸ் தொடர். 1991-இல் நின்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாமில் தொடங்கியது. முதல் மூன்று டிராகன் குவெஸ்ட் கேம்களிலும் பங்கெடுத்த ஹிரோஷி மியாவோகா செய்தது. விளம்பர வாசகமே 'டிராகன் கொன்று அலுத்துவிட்டது' என்பதுதான். பாழ்பட்ட உலகத்தில் டாங்கியைக் கண்டுபிடித்து, பழுது பார்த்து, பீரங்கி மாற்றி, தலைக்கு விலை வைத்த ராட்சதர்களை வேட்டையாடிக் காசு பார்க்கலாம். உலகத்தைக் காப்பாற்றும் கவலை இரண்டாம்பட்சம்.

இதே வழியில் 2005-இல் வந்த மெட்டல் சாகாவின் தொடக்கத்திலேயே அம்மா 'வேட்டைக்கெல்லாம் போகாதே, மெக்கானிக் ஆகிவிடு' என்பார். சரி என்றால் கேம் முடிந்தது. சினிமா முடிவில் வருவது போல, கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும்.

டிராகன் குவார்ட்டர் ஆடினேன். மூலையில ஒரு சதவீதம் ஏறிக்கிட்டே இருக்கு, குறையவே மாட்டேங்குது. கேம்ல ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, கேமே அதுதான். பிரெத் ஆஃப் ஃபயர் தொடரின் ஐந்தாவது. 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. மனிதர்கள் ஆயிரம் வருடமாகப் பூமிக்கடியில் வாழ்கிறார்கள், வானத்தை யாரும் பார்த்ததில்லை. கீழே இருக்கும் காற்று நீனா என்ற சிறுமிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவளை மேலே கூட்டிப்போக வேண்டும். உங்களுக்குள் ஒரு டிராகன். அதன் சக்தியைப் பயன்படுத்தினால் எதையும் அடித்து நொறுக்கலாம், ஆனால் அந்த எண் எகிறும். நடந்தாலே கொஞ்சம் ஏறும். நூறைத் தொட்டால் முடிந்தது.

அப்போது மனம் உடைந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்கும்போது சேர்த்துவைத்ததில் ஒரு பகுதி கூடவே வரும், முன்பு காட்டாத காட்சிகளும் திறக்கும். தோற்றால்தான் முழுக் கதையும் தெரியும்.

டெராநிக்மா எங்கயுமே விற்பனைக்கு இல்ல. எமுலேட்டர்ல ஆடினா தப்பா?

சட்டப்படி பார்த்தால், பழைய கன்சோலைப் போலவே கணினியை நடக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருள் ஒரு பக்கம், இணையத்தில் யாரோ போட்ட கேம் கோப்பை இறக்குவது இன்னொரு பக்கம். இரண்டாவது பதிப்புரிமை மீறல்தான். நான் சொல்லக்கூடியது: விலைக்குக் கிடைக்கும் கேமைக் காசு கொடுத்து வாங்குங்கள். விலைக்கே கிடைக்காத கேம் விஷயத்தில் அவரவர் மனசாட்சி.

டெராநிக்மாவின் கதி பரிதாபம். குவின்டெட் செய்தது; 1995-இல் ஜப்பான், 1996-இல் ஐரோப்பா. அமெரிக்காவில் எனிக்ஸ் கிளையை மூடியதால் அங்கே வரவேயில்லை. செத்த பூமியைப் படிப்படியாக உயிர்ப்பிக்கும் கதை: முதலில் கண்டங்கள், பிறகு செடிகொடி, பறவை, விலங்கு, கடைசியில் மனிதன். அதுவரை கதாநாயகன் ஆர்க் செடிகளோடும் சிங்கக்குட்டியோடும் பேசிக்கொண்டிருப்பான். மனிதர்கள் திரும்பி வந்ததும் விலங்குகள் பேசுவது அவனுக்குப் புரியாமல் போய்விடும்.

தமிழ்ல எதுவும் இல்லையா?

நான் சொன்னவற்றில் எதற்கும் தமிழ் இல்லை. பள்ளி ஆங்கிலம் போதும். வசனம் நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும்.

நியர் ஆட்டோமேட்டாவைப் பத்து மணி நேரத்துல முடிச்சுட்டேன். இதுக்கா இவ்வளவு பில்டப்பு?

நீங்கள் முடிக்கவில்லை. பெயர்கள் ஓடியது முதல் முடிவு, ஏ. சேவ் ஃபைலை ஏற்றித் தொடருங்கள். அதே கதை 9எஸ் என்ற இன்னொரு கதாபாத்திரத்தின் கண்வழியே வரும். அதற்கப்புறம்தான் அசல் கதை தொடங்கும். முடிவுகள் ஏ முதல் இசட் வரை 26. பல விளையாட்டுத்தனமானவை. ஒரு குறிப்பிட்ட மீனைத் தின்றால் நீங்கள் ஆடும் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ, செத்துப்போய் அதுவே ஒரு முடிவாகிவிடும். சிட் தாத்தாவுக்கு மீன் ஊட்டியவர்கள் ஜாக்கிரதை.

இதற்கு முந்தைய கதையான நியர் ரெப்ளிகன்டை முதலில் ஆட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை. ஆட்டோமேட்டா நடப்பது 11945-இல். அதற்கு முன் மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் ரெப்ளிகன்ட். பின்னால் ஆடினால் சில பெயர்கள் சுருக்கென்று குத்தும்.

கடைசில சேவ் ஃபைலையே அழிக்கச் சொல்லுதே! 60 மணி நேரம் ஆடினது. அழிக்கணுமா?

இது ஆட்டோமேட்டாவின் முக்கிய முடிவுகளில் கடைசியான ஈ பற்றியது. ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பெயர்கள் ஓடும்போதே அவை உங்களைச் சுடும். திரும்பத் திரும்பச் சாவீர்கள். விட்டுவிடலாமா என்று கேம் கேட்கும். விடாமல் முட்டினால் ஒரு கட்டத்தில் உதவி வரும்: முகம் தெரியாத ஆட்டக்காரர்களின் பெயர் போட்ட கப்பல்கள் உங்களைச் சுற்றி அணிவகுத்து அடிகளை வாங்கும். ஒவ்வொரு அடிக்கும் இன்னாருடைய தகவல் அழிந்தது என்று ஒரு வரி. அவர்கள் எல்லாரும் தங்கள் சேவ் ஃபைலை அழித்துக்கொடுத்தவர்கள். முடிந்ததும் அதே கேள்வி உங்களிடம் வரும்: யாரென்றே தெரியாத ஒருவருக்கு உதவ எல்லாவற்றையும் தருகிறாயா?

இல்லை என்றாலும் கேம் உங்களைத் திட்டாது. நான் சரி என்று அழுத்தினேன். ஒவ்வொரு பக்கமாக, ஆயுதம், வரைபடம், பணிகள் என்று எல்லாம் கண்முன்னே அழிந்தன. தம்பி மூன்று மாதமாக அந்தத் திரையிலேயே நிற்கிறான். அழிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கன்சோலையும் ஸ்லீப்பில்தான் போடுகிறான், அணைப்பதில்லை.